சம்பந்தி வீட்டுல நான் ஏன் கலண்டரைப் பார்த்துக்கிட்டிருந்தேன்

அன்புள்ள மகனுக்கு,

பதுளை பஸ்ல தர்ஷினியை ஜன்னல் பக்கம் உட்கார வச்சிட்டு, மறுபடி இறங்கி ஓடி வந்து என்கிட்ட ஒரு கேள்வி கேட்டியே, அதுக்கெல்லாம் கண்டக்டர் கத்திக்கிட்டு நிக்கிற நேரத்துல பதில் சொல்ல முடியுமாடா? "அம்மா, மாமி அன்னைக்கு வாய் திறக்காம இருந்திருந்தா, நீங்க கடைசி வரைக்கும் சொல்லியிருக்கவே மாட்டீங்களா? நான் உங்களை வெறுத்துட்டே போயிருந்தாலும்?"னு கேட்டுட்டு என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்ன. நான் "போய் ஏறு, பஸ் விட்டுட்டுப் போயிரும்"னு உன்னைப் பிடிச்சுத் தள்ளினேன். உங்க அப்பா அந்தப் பக்கம் ஜன்னல் வழியா சாப்பாட்டுப் பார்சலை நீட்டிக்கிட்டிருந்தார். அவருக்கு அது காதுல விழல. விழுந்திருந்தா அவரும் உன்னோட சேர்ந்து நின்னு கேட்டிருப்பார்.

கல்யாண வீடுன்னு சொல்றதுக்கு இப்போ இங்க ஒண்ணும் மிச்சமில்ல. வாடகைக் கதிரைகளை லொறியில ஏத்திட்டாங்க, பந்தல்காரனும் வந்து கழட்டிக்கிட்டுப் போயிட்டான். பலகாரம் மட்டும் இருக்கு. உங்க அப்பா டின்னைத் தூக்கி அலுமாரிக்கு மேல வச்சுட்டு, "சீனி வருத்தக்காரன் கண்ணுல படாம இருக்கட்டும்"னு அவரே சொல்றார், அப்புறம் அவரே கதிரையைப் போட்டு ஏறி எடுக்கிறார். எனக்கு சந்தோஷமா இருக்கு மகன். அதை முதல்ல எழுதிடுறேன், ஏன்னா இதுக்கு மேல எழுதப் போறதைப் படிச்சா அம்மா என்னமோ மனசுல வச்சுக்கிட்டு எழுதுறான்னு நினைப்ப. வீட்டுக்கு நல்ல மருமகள் வந்திருக்கா. நீ நான் பார்க்கிற அதே மாதிரி ஒரு வேலைக்கு, அதுவும் ஒரு மனநல நிலையத்தையே நடத்துற பொறுப்புக்கு, நேர்முகத்துல நின்னு ஜெயிச்சுப் போயிருக்க. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?

இதை எழுதுறதுக்கு முந்தி தர்ஷினியோட அம்மா, அதான் உன் மாமிகிட்ட கேட்டேன். "மாப்பிள்ளைக்குத்தானே சம்பந்தி, தாராளமா எழுதுங்க. நாலு பேர் படிச்சாலும் பரவாயில்ல, என் பேரை மட்டும் போடாதீங்க"ன்னாங்க. கொஞ்சம் யோசிச்சிட்டு, "நான் உங்ககிட்ட சொன்னதையெல்லாம் எழுதாதீங்க, அசிங்கமா இருக்கும்"னும் சொன்னாங்க. அதனால அதை எழுதல. அவங்க எதுக்காக நம்ம நிலையத்துக்கு வந்தாங்கன்னும் எழுதல, அவங்க பரிசத்தன்னைக்கு எல்லார் முன்னாலயும் எவ்வளவு சொன்னாங்களோ அவ்வளவுதான் எழுதுறேன்.

இந்தக் கதை உன் கல்யாணத்தோட தொடங்கினது இல்ல. நிலையம் தொடங்கின புதுசுல எங்ககிட்ட ஒரு பொம்பளைப் பிள்ளை வேலைக்கு இருந்துச்சு. தங்கமான மனசு, சிரிச்ச முகம், யாரைக் கண்டாலும் ஓடிப் போய் கையைப் பிடிக்கும். ஒருநாள் கண்டி மார்க்கெட்டுல, நம்மகிட்ட வந்து போய்க்கிட்டிருந்த ஒரு அக்காவைக் கண்டிருக்கு. அந்த அக்கா மாமியாரோட மரக்கறி வாங்கிக்கிட்டு நின்னிருக்காங்க. இது போய் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, இப்போ நல்லா நித்திரை வருதா? மருந்தை ஒழுங்கா குடிக்கிறீங்களா?"ன்னு கேட்டிருக்கு. எவ்வளவு அன்பான கேள்வி! மாமியாருக்கு அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது. அந்த அக்கா அதுக்கப்புறம் நம்ம பக்கமே வரல. அவங்களைத் தேடிப் போகவும் வழியில்ல, எந்த முகத்தோட போறது? அந்தப் பிள்ளை ஆபீஸ் கதிரையில உட்கார்ந்து அழுத அழுகை எனக்கு இன்னும் காதுல இருக்கு. நான் அதை வேலையை விட்டு அனுப்பல. இன்னைக்கு எங்ககிட்ட இருக்கிறதுலயே கவனமான ஆள் அதுதான்.

அப்போ போட்ட சட்டம்தான் இது. வெளியில ஒருத்தரைக் கண்டா, அவங்க நம்மளைத் தெரிஞ்ச மாதிரி பார்த்தா நமக்கும் தெரியும். அவங்க பார்க்கலையா, நமக்கும் தெரியாது. கோயில்லயோ பள்ளிவாசல் சந்தியிலயோ செத்த வீட்டுலயோ, எங்க கண்டாலும் அப்படித்தான். சொல்றதுக்கு லேசு. நம்ம ஆட்கள் மத்தியில இருந்துக்கிட்டு செஞ்சு பாரு! ஒருத்தரைக் கண்டு ஒரு வார்த்தை கதைக்காம போனா, "கண்டும் காணாத மாதிரி போறா, பெரிய மனுஷி ஆயிட்டா"ன்னு பன்விலையிலிருந்து மடவளை வரைக்கும் கதை போயிடும். எனக்கு அப்படி எத்தனை கெட்ட பேர் வாங்கித் தந்திருக்கு இந்த வேலை! நீ சின்னப் பிள்ளையில ஸ்கூல்ல போய் "எங்க அம்மாவுக்கு யாரையும் தெரியாது, அப்பாவுக்குத்தான் எல்லாரையும் தெரியும்"னு டீச்சர்கிட்ட சொல்லியிருக்க. அவங்க என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை ஏன் இப்படிச் சொல்லுது, உங்களுக்கு ஞாபக மறதி ஏதும் இருக்கா?"ன்னு ரகசியமா விசாரிச்சாங்க. நான் சிரிச்ச சிரிப்புல அவங்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடிப் போச்சு.

அப்புறம் அந்த வேன். அதை உனக்கு நல்லா ஞாபகமிருக்கும், நீதான் அதுல முன் சீட்டுக்கு அழுது அடம் பிடிச்சவன். எங்க நிர்வாகக் குழுத் தலைவர் ஐயாவுக்கு நிலையத்துக்கு வேன் வந்ததுல வந்த சந்தோஷமும் புளுகமும் கொஞ்சநஞ்சமில்ல. என்னைக் கேக்காமலே பெயின்ட்காரனைக் கூட்டிக்கிட்டு வந்து, வேனோட ரெண்டு பக்கத்துலயும் மூணு மொழியிலயும் 'மனநல, உளவளத்துணை, சமூக சேவை நிலையம்'னு கொட்டை எழுத்துல எழுத வச்சிட்டார். நாங்களும் பெருமையா ஏறிக்கிட்டு பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்துக்கு முன்னால வேன் நின்னதுதான் தாமதம், சின்னதுகள் எல்லாம் "பைத்தியக்கார வேன் வந்திருக்கு, பைத்தியக்கார வேன் வந்திருக்கு"ன்னு கூப்பாடு போட்டுக்கிட்டு ஓடி வருதுகள். படார் படார்னு கதவைச் சாத்துறாங்க பொம்பளைங்க. யார் வீட்டு வாசல்ல வேன் நிக்குதோ அந்த வீட்டுக்கு அதோட பேர் வந்துடும்ல? மடவளை பரீனா, உனக்குத் தெரியும், அப்பவே என்னோட இருந்தவ, தலையில கையை வச்சுக்கிட்டு, "அல்லாவே, இது வேன் இல்ல மேடம், தண்டோரா. இத எடுத்துக்கிட்டு ஒரு வாசலுக்கும் போக ஏலாது"ன்னா. தலைவர் ஐயா ரெண்டு கூட்டத்துக்கு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தார், ஆனாலும் எழுத்தை அழிச்சிட்டோம். அதுக்கப்புறம்தான் நிலையத்து வாசல்லயே ஒரு நர்ஸை உட்கார வச்சு பிரஷர் பார்க்கத் தொடங்கினது. பிரஷர் பார்க்கப் போறேன்னு யாரும் யார்கிட்டயும் கூசாம சொல்லலாம். உண்மையிலேயே பிரஷரும் பார்த்தோம், அதுக்குப் பிறகு கதவைத் திறந்து உள்ளுக்கும் வந்தாங்க. நீ பதுளையில போய் இறங்கின கையோட போர்டைப் பெருசாக்கி வைக்காதே. வர்றவங்க எந்த வழியா கூசாம வருவாங்கன்னு முதல்ல பாரு.

இனி விஷயத்துக்கு வர்றேன். வத்தேகமவுக்கு உனக்குப் பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கு, வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிமிர்ந்தேன். "வாங்க, வாங்க, உள்ள வாங்க"ன்னு சொல்லிக்கிட்டு வந்தவங்க என்னைக் கண்டதும் அப்படியே நின்னுட்டாங்க. எனக்கும் பக்குன்னுச்சு. எத்தனையோ தடவை எனக்கு முன்னால உட்கார்ந்திருந்த முகம்! தர்ஷினியோட அம்மா இவங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீயும் அவளும் காதலிச்சப்போ நீ போட்டோவுல காட்டினது அவளை மட்டும்தானே. அந்த ஒரு நொடியில அவங்க கண்ணைப் பார்த்தேன். என்னைத் தெரிஞ்ச மாதிரி அதுல ஒண்ணும் இல்ல, பயம்தான் இருந்துச்சு. நான் ரெண்டு கையையும் கூப்பி, "வணக்கம்ங்க, நான் மாப்பிள்ளையோட அம்மா"ன்னேன். அவங்களுக்கு மூச்சு வந்துச்சு. உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க.

அப்புறம் நான் செஞ்சதெல்லாம் நீயே பார்த்ததுதான். தர்ஷினியோட அத்தை, அதான் அவங்க அப்பாவோட அக்கா, என் பக்கத்துலயே கதிரையை இழுத்துப் போட்டுக்கிட்டு குடைய ஆரம்பிச்சாங்க. "கண்டியில எங்க வேலை? ஓ, அந்த மூளை சரியில்லாதவங்க வர்ற இடமா? எங்க பக்கத்துலயிருந்தும் யாரும் வர்றாங்களா?" அந்தக் கேள்வி வந்ததும் உள்ள தேத்தண்ணி ஊத்திக்கிட்டிருந்த சத்தம் நின்னு போச்சு. நான் "எல்லா இடத்துலயிருந்தும் எல்லாரும் வருவாங்க"ன்னு சொல்லிட்டு சுவர்ல தொங்கின கலண்டரைப் பார்க்கத் தொடங்கினேன். வேற எங்க பார்க்கிறது? உன் மாமி பக்கம் பார்த்தா என் கண்ணுல ஏதும் தெரிஞ்சிடும். வாயைத் திறந்தா அந்தப் பொம்பளை அடுத்த கேள்வியைக் கொண்டு வந்துடும். அது ஒரு நகைக்கடை கலண்டர், அதுல எந்தப் பௌர்ணமிப் போயா எந்தக் கிழமையில வருதுன்னு இப்போ கேட்டாலும் சொல்லுவேன். வடையையும் தொடல. வடை எனக்குப் பிடிக்கும்னு உனக்குத் தெரியுமே!

திரும்பி வர்ற வழியில நீ கத்தின கத்தல்! "அவங்க கடை வச்சிருக்கிறவங்க, நம்ம அளவுக்குப் படிக்கலன்னு நினைக்கிறீங்களா? ஊருக்கெல்லாம் மனசு நோகாம பேசச் சொல்லிக் குடுக்கிறீங்க, என் மாமியார்கிட்ட நாலு வார்த்தை பேச முடியாதா?" நான் "பொண்ணு நல்லா இருக்கு, எனக்குச் சம்மதம்"னேன். "சம்மதம்னா மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?"ன்ன. உங்க அப்பா குறுக்க விழுந்து, "விடுடா, உங்க அம்மாவுக்கு வயித்து வலியா இருக்கும்"னு சமாளிச்சார், பாவம். அடுத்த வாரமே நீ பேராதனையில உன் கூட்டாளி வீட்டுக்குப் போயிட்ட. நானும் தர்ஷினியும் போய்க் கல்யாணத்தைப் பதிஞ்சுக்கிறோம், வர விருப்பமிருந்தா வாங்கன்னு அப்பாவுக்கு போன்ல சொன்ன. என்கிட்ட சொல்லல. அந்த நாட்கள்ல எனக்கு வலிச்சது மகன், வலிக்கலன்னு நான் பொய் சொல்லப் போறதில்ல. ஒத்தைப் பிள்ளை, வாசல்ல உன் செருப்பு இல்லாம வீட்டுக்குள்ள நுழையவே பிடிக்கல.

உன் மாமிக்கு நான் ஒரு கோல் எடுத்திருக்கலாம்னு நீ நினைக்கலாம். நானும் நினைச்சேன், போனைக் கையிலயும் எடுத்தேன். "சம்பந்தி, என் பையன் என்னைத் தப்பா நினைக்கிறான், அவன்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக்கவா?"ன்னு கேட்டா முடிஞ்சுது. ஆனா அவங்க எப்படி வேணாம்னு சொல்லுவாங்க? நீயே சொல்லு, அவங்க மகளோட கல்யாணம் என் கையில இருக்கு, நான் மாப்பிள்ளைக்கு அம்மா. நான் கேட்டா அது கேக்கிற மாதிரி இருக்காது, கழுத்துல கையை வைக்கிற மாதிரி இருக்கும். சரின்னு சொல்லிட்டு உள்ளுக்குள்ள செத்திருப்பாங்க. போனை வச்சிட்டேன். இதை நல்லா யோசிச்சுக்கோ, ஏன்னா நீ போய் உட்காரப் போற கதிரையில இருந்துக்கிட்டு நீ மெதுவாக் கேட்டாலும் கேக்கிறவங்களுக்கு அது சத்தமாத்தான் கேக்கும். வேலை செய்ற பிள்ளைகளுக்கும் அப்படித்தான், வர்றவங்களுக்கும் அப்படித்தான்.

ஆபீஸ்ல என் முகத்தைப் பார்த்தே என்னமோ நடந்திருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. பரீனா ஒரு பிளேன்டீயைக் கொண்டு வந்து வச்சிட்டு, "சொல்ல ஏலாததுன்னா சொல்ல வேணாம் மேடம், ஆறுறதுக்குள்ள இதைக் குடிங்க"ன்னா. அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கிட்டுப் போயிட்டா. நீயும் அங்க ஆள் எடுக்கிறப்போ படிப்பைப் பாரு, சிங்களம் தெரியுமான்னு பாரு, எல்லாத்தையும் பாரு. ஆனா எட்டிப் பார்க்கத் துடிக்காத ஆளா இருக்கணும். அப்படி ஒரு ஆள் கிடைச்சா உனக்கு முக்கால்வாசி வேலை முடிஞ்சுது.

பரிசம் போடுறதுக்கு உன்னை எப்படியோ உங்க அப்பாதான் காலைப் பிடிச்சுச் சம்மதிக்க வச்சார். நீ வந்த, ஆனா என் பக்கம் திரும்பல. நான் பரிசத் தட்டோட உட்கார்ந்திருந்தேன், மறுபடியும் அதே கலண்டர்! தர்ஷினியோட அத்தைக்கு இதுதான் சாட்டுன்னு, சபையில எல்லாருக்கும் கேக்க, "மாப்பிள்ளையோட அம்மாவுக்கு நம்ம வீட்டுத் தண்ணிகூட இறங்காது போல. இஷ்டமில்லாத இடத்துக்கு நம்ம புள்ளையை ஏன் அனுப்பணும்? இப்பவே யோசிங்க தம்பி"ன்னு அவங்க தம்பி, அதான் உன் மாமாவைப் பார்த்து ஆரம்பிச்சாங்க. உன் முகம் இருட்டிப் போச்சு. உங்க அப்பா எழும்பி ஏதோ சொல்லப் போனார். என் பிள்ளையோட கல்யாணம் என்னாலயே குழம்புதுன்னு தெரிஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதான் உன் மாமி உள்ளயிருந்து வந்தாங்க. கையில இருந்த வெத்தலைத் தட்டைக் கீழ வச்சாங்க. "அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்க"ன்னாங்க. கல்யாணம் கட்டி வந்த நாள்லயிருந்து அந்த அண்ணியை அவங்க எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது இல்லையாம், அப்புறம் உன் மாமாதான் சொன்னார். "இவங்களை எனக்கு நல்லாத் தெரியும். நான் பிரஷர் பார்க்கப் போறேன், பிரஷர் பார்க்கப் போறேன்னு கண்டிக்குப் போனேனே, இவங்ககிட்டத்தான் போனேன். மனசு சரியில்லாம போனேன். நான் இன்னைக்கு எழும்பி நடமாடி, இந்தப் புள்ளைக்குக் கல்யாணம் பேசுறேன்னா அது இவங்களாலதான்"னாங்க. அதுக்குப் பிறகு அவங்க உன்னைப் பார்த்துத்தான் சொன்னாங்க, ஞாபகமிருக்கா? "தம்பி, உங்க அம்மா அன்னைக்கு வந்து என்னைத் தெரியாத மாதிரியே உட்கார்ந்திருந்தாங்க. வடையைக்கூட தொடல. நான் குசினியில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன், என் புள்ள போறதுன்னா இந்த வீட்டுக்குத்தான் போகணும்னு."

நான் அதுக்கப்புறம் எங்க கலண்டரைப் பார்த்தேன்? எழும்பிப் போய் அவங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன், சபையாவது ஒண்ணாவது! நீ வெளியில போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு, ஒரு கோப்பைத் தேத்தண்ணியோட திரும்பி வந்து என் பக்கத்துல உட்கார்ந்த. மன்னிப்பெல்லாம் கேக்கல, "குடிங்கம்மா"ன்ன. சீனியே போடல நீ. ஆனா அதை மாதிரி ஒரு தேத்தண்ணி நான் குடிச்சதில்ல. தர்ஷினியோட அத்தை அன்னைக்கு எனக்குப் பக்கத்துல உட்கார்ந்துதான் சாப்பிட்டாங்க, கையைப் பிடிச்சு ரெண்டு வடையும் வச்சாங்க. அவங்க வீட்டுப் பக்கத்துலயிருந்து அதுக்கப்புறம் வேற யாராவது நிலையத்துக்கு வந்தாங்களான்னு மட்டும் என்கிட்ட கேட்டுடாதே. வந்தாலும் வராட்டியும் உனக்குக் கிடைக்கிறது ஒரே பதில்தான்.

இப்போ உன் கேள்வி. மாமி வாய் திறக்காம இருந்திருந்தா? ஆமா மகன், சொல்லியிருக்க மாட்டேன். நீ என்னை வெறுத்துட்டுப் போயிருந்தா ஒவ்வொரு தீபாவளிக்கும் பதுளைக்குப் பலகாரம் அனுப்பியிருப்பேன், நீ திருப்பி அனுப்பினா உங்க அப்பா தின்னிருப்பார். பேரப்பிள்ளையை யாராவது கொண்டு வந்து காட்டுவாங்களான்னு வாசலைப் பார்த்துக்கிட்டிருந்திருப்பேன். நல்லா அழுதிருப்பேன். ஆனா சொல்லியிருக்க மாட்டேன். உனக்குக் கோபம் வருதுன்னா கோபப்படு, அதுல நியாயமிருக்கு, பெத்த பிள்ளைக்கு வர வேண்டிய கோபம்தான். உனக்கு அப்பா இருந்தார், தர்ஷினி இருந்தா, கூட்டாளி வீடு இருந்துச்சு. உன் மாமிக்கு எங்க நிலையம்ங்கிற அந்த ஒரு இடத்தை விட்டா வேற இடம் இருக்கல. நாளைக்கு உன் முன்னால ஒருத்தர் வந்து உட்கார்ந்து, கதவைத் திரும்பிப் பார்த்துட்டு, "இது யாருக்கும் போகாதே?"ன்னு கேப்பாங்க. நீ "போகாது"ன்னு சொல்லப் போற. அந்த வார்த்தையை நீ சொல்றதுக்கு முந்தி அது என்ன விலைன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னுதான் இவ்வளவும் எழுதினேன்.

அடுத்த மாசம் அப்பாவும் நானும் உங்களைப் பார்க்க வர்றோம். பதுளை டவுன்ல நாங்க நடந்து வர்றப்போ, நீ உன் நிலையத்துக்கு வர்ற யாரோடயோ கதைச்சுக்கிட்டு எதிர்ல வந்து, அவங்க யாருன்னு நாங்க கேட்டுடக் கூடாதேன்னு என்னைக் கண்டும் காணாத மாதிரி தாண்டிப் போனேன்னு வை. உங்க அப்பா விடுவாரா? "பார்த்தியா, பொண்டாட்டி வந்ததும் பெத்தவளையே தெரியல அவனுக்கு"ன்னு நடு ரோட்டுல நின்னு கத்துவார். நான் அவர் கையைப் பிடிச்சு அடுத்த கடைக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். சந்தோஷத்துல கண் கலங்கும், அதை அவர் பார்த்துட்டு நீ என்னை அழ வச்சிட்டேன்னு நினைப்பார். நினைச்சுக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

அம்மா